சகோதரனுக்குக் காவலன்

கலைஞன் கெட்டழிவது கலையின் இயல்பே என்றொரு கொள்கை உலகில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. பேரொளி வீசும் விளக்கு விரைவில் எண்ணெயைத் தீர்த்துவிடும் என்றும், மேதைமைக்கும் பித்துக்கும் இடையே உள்ளது நூலிழைச் சுவரே என்றும் கூறுவர். இளம்பிராயத்தில் மாண்ட பாடகர், புத்தி பேதலித்த ஓவியர், மதுவிலும் கடனிலும் மூழ்கிய கவிஞர் முதலியோரின் சரித்திரங்களைப் படிக்கும்பொழுது நம்மில் பலர் பெருமூச்செறிந்து, 'விதி' என்னும் ஒரு சொல்லால் அவற்றை மூடி வைத்துவிடுகின்றோம். இக்கொள்கை கேட்பதற்கு இனியது. துயரத்திற்கும் ஒருவகை அழகைத் தருவது. ஆயினும் இது பெரும்பாலும் பொய் என்பதும், பலருடைய குற்றத்தை மறைக்கும் திரையாக நிற்பது என்பதும் நமது கருத்து. இக்கருத்தை விளக்குதற்கு அமெரிக்க நாட்டு இசைக்குழு ஒன்றின் சரித்திரத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

கல்லூரிச் சஞ்சிகையில் மேனாட்டு ராக் இசைக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். விடுதி அறைகளில் அவ்விசை ஒலியாத இரவு அரிது என்பதை அவர்களும் அறிவர். அது செவிக்கு இனிதோ இன்னாததோ, அதனைப் பாடியவர்கள் நம் மாணாக்கர் வயதினர். பள்ளியை விட்டு அப்பொழுதே வெளிவந்த இளைஞர். அவர்களுக்கு நேர்ந்தது நம் அருகில் இருக்கும் எவருக்கும் நேரலாம். இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ள இதுவே போதிய காரணமாகும்.

முதற்கண், இவ்விசைக்கு வழங்கும் பெயரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாஸெல் நகரில் ஆல்பர்ட் ஹாப்மன் என்னும் ரசாயன நிபுணர் 1938-ஆம் ஆண்டில் எல்.எஸ்.டி. என்னும் பொருளை ஆக்கினார்; 1943-இல் அதன் மயக்குந் தன்மையைத் தம் உடம்பிலேயே கண்டறிந்தார். தூசியளவு உட்கொண்டாலும் அது மனத்தைப் பல மணி நேரம் நிலைகுலையச் செய்து, இல்லாத நிறங்களையும் உருவங்களையும் காட்டவல்லது. 1950-களில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் வைத்தியர், இத்தகைய பொருள்களைக் குறித்தற்குக் கிரேக்க மொழிச் சொற்களைக் கொண்டு 'சைகெடெலிக்' என்றொரு சொல்லைப் படைத்தார். மனத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் பொருள். வைத்தியசாலையில் பிறந்த அச்சொல் பத்தாண்டுகளுக்குள் நடன மண்டபங்களுக்கு வந்து சேர்ந்தது. அம்மயக்கத்தின் அனுபவத்தைக் கிட்டார் ஒலியாலும் எதிரொலியாலும் செவிக்கு உணர்த்த முற்பட்ட இசையே சைகெடெலிக் ராக் எனப் பெயர் பெற்றது. அப்பெயரைத் தம் இசைத்தட்டின் தலைப்பிலேயே பொறித்துக்கொண்ட முதற் குழுக்களுள் ஒன்று, நாம் ஈண்டுக் கூறப்புகும் 'தர்ட்டீன்த் ப்ளோர் எலிவேட்டர்ஸ்' என்பது.

இக்குழு 1965-ஆம் ஆண்டின் இறுதியில் டெக்ஸாஸ் மாகாணத்தின் தலைநகராகிய ஆஸ்டினில் தோன்றியது. 'பதின்மூன்றாம் மாடிக்குச் செல்லும் லிப்டு' என்பது பெயரின் பொருள். பதின்மூன்று என்னும் எண் தீய சகுனம் என்று அஞ்சி, மேனாட்டார் தம் உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் பன்னிரண்டாம் மாடிக்கு அடுத்ததைப் பதினான்கு என்றே குறிப்பர். இல்லாத மாடிக்கு ஏற்றிச் செல்வோம் என்பது இவர்கள் பெயரில் அடங்கிய வாக்குறுதி. ஸ்டேஸி ஸதர்லண்ட் கிட்டார் வாசித்தார். பென்னி தர்மன் பேஸ் கிட்டாரும், ஜான் ஐக் வால்டன் டிரம்ஸும் வாசித்தனர். டாமி ஹால் என்பவர் கையாண்ட வாத்தியமோ வினோதமானது. அவர் ஒரு ஜாடியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அதனுள் குரல் கொடுப்பார். புறாக்கூட்டம் குமுறுவது போன்ற ஓர் ஓசை பாட்டு முழுவதும் ஊடாடிக்கொண்டே செல்லும். உலகில் வேறெக்குழுவின் தட்டையும் இக்குழுவினதென்று மயங்க முடியாதபடி செய்தது அவ்வோசையே. இவர்கள் அனைவருக்கும் மேலாகப் பாடகர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரோஜர் கைனார்ட் எரிக்ஸன். இரு பெயர்களின் முதலெழுத்துக்களையும் சேர்த்து 'ரோக்கி' என்று அழைக்கப்பெற்றார். 1947-இல் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது பதினெட்டு.

ரோக்கி எரிக்ஸனின் குரலைக் கேட்டோர் அதனை எளிதில் மறவார். அடிவயிற்றிலிருந்து எழுந்து கூக்குரலாய் வெடித்து, மறுகணமே குழந்தையின் மன்றாட்டுப்போல் குழையும் குரல் அது. அவரைக் காக்கவேண்டியவர்கள் கைவிட்ட வரலாறு அவர் பயின்ற பள்ளியிலேயே தொடங்குகின்றது. 1965-ஆம் ஆண்டில், பள்ளிப்படிப்பு முடிவதற்குச் சிறிது காலமே இருக்கையில், தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ள வேண்டுமென்னும் விதிக்கு இணங்க மறுத்து அவர் பள்ளியை விட்டு நீங்கினார். ஒழுங்கு வேண்டுவதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஓர் இளைஞனின் மயிரின் நீளத்தை அளந்த அளவுக்கு அவன் திறமையின் ஆழத்தை அளந்து பார்ப்பார் அங்கு ஒருவரேனும் இருந்திருப்பின், அவர் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆசான் நின்றிருப்பார் அல்லவா? மாணாக்கன் வாயிலைக் கடந்து சென்ற பின்னர் அவனைப் பின்தொடரும் அன்புக்கு எந்தப் பள்ளியின் விதிநூலிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

பள்ளி ஆசானை இழந்தவருக்கு வேறோர் ஆசான் கிடைத்தார். அவரே ஜாடி வாசித்த டாமி ஹால். டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் பயின்றவர். தத்துவ நூல்களிலும் மனநூல்களிலும் ஈடுபாடு மிக்கவர். ரோக்கியினும் வயதில் மூத்தவர். லாகிரிப் பொருள் ஒரு களியாட்டுக் கருவியன்று, ஞானத்தின் வாயில் என்பது அவர் கொள்கை. 1966-இல் வெளிவந்த முதல் நெடுந்தட்டின் உறையில் அவர் அக்கொள்கையை ஒரு பிரசங்கம்போலவே அச்சிட்டார். அரிஸ்டாட்டில் காலம் முதலாக மனிதன் அறிவைத் தனித்தனிக் கூறுகளாக அடுக்கிவைக்கும் பழக்கத்திற் கட்டுண்டான் என்றும், மனத்தின் நிலையை ரசாயனத்தால் மாற்றி அக்கட்டை அறுத்துக்கொள்ளலாம் என்றும் அதில் அவர் வாதித்தார். மேடையேறு முன்னர் எல்.எஸ்.டி.யை உட்கொள்வது குழுவின் நியமமாகவே அவரால் ஆக்கப்பட்டது. அந்நாளில் அப்பொருளை வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் ஏற்பட்டிருக்கவில்லை. அதனைக் கைவசம் வைத்திருப்பதும் குற்றமெனக் கூறும் பொதுச் சட்டம் 1968-இல்தான் வந்தது.

டாமி ஹால் வஞ்சகர் அல்லர் என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். தாம் கூறியதை அவர் முழுமனத்தோடு நம்பினார். பிறர்க்குக் கொடுத்ததைத் தாமும் உட்கொண்டார். எனினும், தான் அறியாத கடலில் பிறரை ஏற்றிச் செல்லும் மாலுமியின் நேர்மை, மூழ்கியவரை மீட்டுத் தருமோ? ஒருவருக்கு வேடிக்கையாய்க் கழியும் மயக்கம் மற்றொருவருக்கு மீளாத இருளாகலாம். குறிப்பாக, மனநோயின் வித்து எவருள் உறங்குகின்றதோ அவருக்கு இத்தகைய பொருள்கள் பெருங்கேடு விளைக்கும் என்பதை இன்றைய வைத்திய சாத்திரம் நன்கு அறியும். அண்மைக் காலத்தில் மனச்சோர்வு முதலிய நோய்களுக்கு இவ்வினப் பொருள்கள் சிலவற்றை வைத்தியர் மேற்பார்வையில் சோதித்து வருவது உண்மையே. அச்சோதனைகளிலும், குடும்பத்தில் சித்தப்பிரமை உற்றார் உளரேல், அவரைச் சேர்த்துக்கொள்வதை வைத்தியர் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். ஆராய்ந்தறிந்தோர் இவ்வளவு அஞ்சி நடக்குமிடத்தில், நடன மண்டபத்துப் பின்னறையில் இளைஞர்க்கு இதனை வாரி வழங்கியது எத்துணை அறியாமை! குழுவிலேயே அதனை உணர்ந்தவர் இருந்தனர். டிரம்ஸ் வாசித்த வால்டனுக்கு எல்.எஸ்.டி. ஒத்துவரவில்லை. அவரும், தர்மனுக்குப்பின் பேஸ் கிட்டார் வாசிக்க வந்த ரானி லெதர்மனும் 1967-இல் குழுவை விட்டு விலகினர்.

'அம்மருந்து இல்லையேல் அவ்விசையும் இல்லை' என்று வாதிப்பாரும் உளர். இவ்வாதத்திற்கு விடை அக்குழுவின் சரித்திரத்திலேயே உள்ளது. இவர்களுக்குப் புகழ் தேடித் தந்த பாட்டு, 'யூ ஆர் கோனா மிஸ் மீ' என்பது. என்னை இழந்து வருந்துவாய் என்பது அதன் கருத்து. 1966-இல் அமெரிக்க விற்பனை வரிசையில் 55-ஆம் இடம் வரை ஏறிய பாட்டு அது. அதனை ரோக்கி எரிக்ஸன் இக்குழுவிற் சேருமுன்னரே இயற்றி, 'ஸ்பேட்ஸ்' என்னும் வேறு குழுவோடு பாடித் தட்டாகவும் பதிப்பித்திருந்தார். ஆகவே டாமி ஹாலின் உபதேசம் செவியில் விழுமுன்னரே பாட்டு பிறந்துவிட்டது, குரலும் பிறந்துவிட்டது. வித்து நிலத்தில் முன்னமே இருந்தது. பின்னர் வந்தவர் ஊற்றிய நீரில் நஞ்சு கலந்திருந்தது. செடி பூத்ததைக் கண்டு நஞ்சைப் புகழ்வது நியாயமாகாது.

இனி இசைத்தட்டுக் கம்பெனியின் செய்கையைப் பார்ப்போம். ஹூஸ்டன் நகரத்து 'இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்னும் கம்பெனி இக்குழுவின் தட்டுக்களை வெளியிட்டது. 1966-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குழுவினர் ஸான் பிரான்ஸிஸ்கோ நகர்க்குச் சென்று, அந்நகரின் பெயர் பெற்ற மண்டபங்களில் பாடிப் புகழ் எய்தினர். தேசமெங்கும் காணும் தொலைக்காட்சியிலும் தோன்றினர். அங்கேயே தங்கியிருப்பின் அவர்கள் கதை வேறாயிருக்கலாம். ஆயினும் டெக்ஸாஸுக்கே திரும்பி வந்தனர். 1967-இல் வெளிவந்த 'ஈஸ்டர் எவ்ரிவேர்' என்னும் இரண்டாம் நெடுந்தட்டே அவர்கள் ஆக்கியவற்றுள் தலைசிறந்தது என்பது பலர் துணிபு. எட்டு நிமிஷ அளவு நீளும் அதன் முதற்பாட்டைக் கேட்பவர், இருபது வயதினர் இத்துணை ஆழத்தை எங்ஙனம் எட்டினர் என்று வியவாதிரார். ஆயினும் அதற்கேற்ற விற்பனை வாய்க்கவில்லை. தங்களுக்குச் சேரவேண்டிய ஊதியம் சேரவில்லை என்று இசைஞர்கள் பின்னாளில் முறையிட்டனர்.

அக்கம்பெனி 1968-இல் செய்த காரியம் ஒன்று இங்குக் குறிப்பிடத் தக்கது. அவ்வாண்டில் குழு சிதைந்துகொண்டிருந்தது. புதிய தட்டு ஒன்றை ஆக்கும் நிலையில் இசைஞர்கள் இல்லை. கம்பெனியார் பழைய ஒலிப்பதிவுகளில் ஒதுக்கி வைத்தவற்றை எடுத்து, அவற்றின்மேல் ஜனங்கள் கைதட்டி ஆரவாரிக்கும் ஓசையைச் சேர்த்து, மேடையில் நேரே பாடிய கச்சேரி என்று பெயரிட்டு விற்றனர். பாடகர் உள்ளம் உடைந்து கிடக்கையில், அவருக்காக ஒலித்த கரகோஷமும் பொய்யாயிற்று! இதனினும் கசப்பான காட்சியை நாடகம் எழுதுவோரும் கற்பித்தல் அரிது. வியாபாரம் செய்வோர் லாபம் கருதுவதில் பிழையில்லை. பாலுக்காகப் பசுவை வளர்ப்பவனும் அதற்குப் புல்லிட்டு நோய் தீர்த்துக் காக்கின்றான். கறப்பது ஒன்றே தன் கடமை எனக் கொண்டவனை எவ்வூரார் நல்லவன் என்பர்?

மூன்றாவதாக வருவது சட்டம். 1966 ஜனவரியிலேயே போலீஸார் சோதனையிட்டுக் குழுவினரைக் கஞ்சா வழக்கில் பிடித்தனர். பாட்டு விற்பனை வரிசையில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டில் வழக்கும் அவர்கள் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்நாளைய டெக்ஸாஸ் சட்டம் மிகக் கடியது. எத்துணைச் சிறிய அளவு கஞ்சா வைத்திருப்பினும் அது பெருங்குற்றம். ஆயுட்சிறை வரையில் தண்டிக்க அச்சட்டம் இடம் தந்தது. 1973-இல்தான் அது தளர்த்தப்பட்டது.

இதனிடையே ரோக்கி எரிக்ஸனின் மனம் நிலைகுலைந்தது. 1968-இல் ஸான் அன்டோனியோ நகரத்தில் நடைபெற்ற 'ஹெமிஸ்பேர்' என்னும் உலகப் பொருட்காட்சியில் பாடச் சென்றபொழுது அவர் பேச்சு பொருளற்ற பிதற்றலாயிற்று. ஸ்கிஸோப்ரீனியா என்னும் கொடிய மனநோய் என்று வைத்தியர் கூறினர். மறு ஆண்டில், ஒரேயொரு கஞ்சாச் சுருட்டு வைத்திருந்த குற்றத்திற்காக ஆஸ்டினில் பிடிபட்டார். நெடுஞ்சிறைக்கு அஞ்சி, சித்தம் பிறழ்ந்தவர் என்ற வாதம் அவர் சார்பில் கூறப்பட்டது. முதலில் ஆஸ்டின் நகரத்து மனநோய் வைத்தியசாலையில் வைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பியோடவே, ரஸ்க் என்னும் ஊரில் குற்றம் புரிந்த பித்தர்களை அடைத்து வைக்கும் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். 1972 வரையில் அவர் அங்கு இருந்தார். மின்னதிர்ச்சி வைத்தியத்திற்கும் வீரியம் மிக்க மருந்துகளுக்கும் உட்பட்டார். கொலை முதலிய கொடுஞ்செயல் புரிந்தோர் நடுவே இருபத்திரண்டு வயதில் புகுந்த அவர், அவர்களுள் சிலரைச் சேர்த்து அங்கும் ஓர் இசைக்குழு அமைத்துப் பாடினார் என்பர். பூட்டிய கதவுக்குள்ளும் பாட்டு அவரை விட்டு நீங்கவில்லை.

நோயாளியைக் குற்றவாளியாக்கிய இச்செயலை நீதி என்று எப்பெயரால் அழைப்பது? ஒரு சுருட்டுக்கும் மூன்றாண்டுக்கும் உள்ள தொடர்பு எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது? சட்டம் வேலியென்பது உண்மை. வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு என்னாகும் என்பதற்கு நம் முன்னோர் பழமொழி வகுத்து வைத்தனர். லாகிரிப் பொருள்களை ஒழித்தல் வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. பழக்கத்திற்கு அடிமையானவனை வைத்தியனிடம் ஒப்புவிக்காமல் சிறைக்காவலனிடம் ஒப்புவிப்பதால் அப்பொருள் ஒழிவதில்லை, மனிதன்தான் ஒழிகின்றான்.

தலைவனை இழந்த குழு நெடுநாள் தரிக்கவில்லை. 1969-இல் வெளிவந்த கடைசித் தட்டைப் பெரும்பாலும் ஸ்டேஸி ஸதர்லண்ட் ஒருவரே தாங்கி நின்று ஆக்கினார். அவரையும் லாகிரியும் சிறையும் விடவில்லை. 1978-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரத்தில் வீட்டில் நேர்ந்த கலகத்தில் குண்டுபட்டு, முப்பத்திரண்டாம் வயதில் மாண்டார். ரோக்கி எரிக்ஸன் விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் புதிய பாட்டுக்கள் இயற்றித் தட்டுக்களும் வெளியிட்டார். அவற்றில் பேய்களும் பிசாசுகளும் நிறைந்திருந்தன. பின்னர் நோய் முற்றியது. 1989-இல் அண்டை வீட்டாரின் தபால்களை எடுத்துவந்து அறைச் சுவர்களில் ஒட்டிவைத்தார் என்று வழக்குத் தொடரப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது. வறியவர்க்கென அமைந்த சிறு வீட்டில், வானொலியையும் தொலைக்காட்சியையும் பிற கருவிகளையும் ஒருங்கே அலற வைத்து, அவ்விரைச்சலின் நடுவே அமர்ந்திருப்பார். தலைக்குள் கேட்கும் குரல்களை அமுக்குவதற்கு அவர் அறிந்த வழி அதுவே. பற்கள் சிதைந்து சீழ் வைத்திருந்தன. 1990-இல் புகழ்வாய்ந்த குழுக்கள் பல ஒன்றுகூடி அவர் பாட்டுக்களைப் பாடித் தட்டு வெளியிட்டுச் சிறப்புச் செய்தன. உலகம் அவரைக் கொண்டாடிற்று. அவரோ தம் அறையில் வைத்தியமின்றிக் கிடந்தார்.

இந்நெடுங்காலத்தில் அவரைப் பராமரித்தவர் தாயார். தாயின் அன்பைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும் மனநோய்க்குத் தரும் மருந்துகளில் அவ்வன்னைக்கு நம்பிக்கை இல்லை. இவ்விடத்தில், ஜெபத்தைப் போற்றும் கலாசாலையைச் சார்ந்த நாம் வெளிப்படையாக ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். மனநோயை வைத்தியனிடம் காட்டுவதை விசுவாசக் குறைவென்றும், குடும்பத்திற்கு அவமானமென்றும் எண்ணி மறைப்போர் இன்றும் பலர். எலும்பு முறிந்தால் கட்டுப்போடும் நாம், மனம் முறிந்தால் மட்டும் அறையைத் தாழிடுகின்றோம். நோயாளிகளுக்கு வைத்தியசாலை கட்டுவதும் ஊழியமே என்று கருதிய பெரியோரின் வழியில் வந்தவர்க்கு இது தகுமா? ஜெபிக்கும் கை வைத்தியனின் கதவையும் தட்டலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

கடைசியாகக் காவலன் ஒருவன் வந்தான். எரிக்ஸன் சகோதரர் ஐவருள் ரோக்கி மூத்தவர். இளையவர் ஸம்னர் எரிக்ஸன். அவரும் இசைஞரே, பிட்ஸ்பர்க் சிம்பொனி வாத்தியக் கோஷ்டியில் டூபா என்னும் பெருங்குழல் வாசித்தவர். 2001-ஆம் ஆண்டில் அவர் நியாயஸ்தலத்தை அணுகி, தமையனாரின் சட்டபூர்வமான பாதுகாவலராகத் தம்மை நியமித்துக்கொண்டார். பின்னர் அவர் செய்தவை யாவும் மிகச் சாதாரணமானவை: பல் வைத்தியரிடம் காட்டினார், மனநோய் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார், பாட்டுக்களின் உரிமையையும் வருமானத்தையும் ஒழுங்குபடுத்த வழக்கறிஞரின் உதவியைப் பெற்றார், தமையனார்க்கு ஒழுங்கான அன்றாட வாழ்க்கையை அமைத்துக்கொடுத்தார். அற்புதம் ஏதும் நிகழவில்லை. ஆயினும் விளைவு அற்புதத்தை ஒத்தது. 2005-இல் ரோக்கி எரிக்ஸன் ஆஸ்டின் நகர விழா மேடையில் பல்லாண்டுகளுக்குப் பின் முழுக் கச்சேரி ஒன்று பாடினார். 2010-இல் புதிய தட்டு ஒன்று வெளிவந்தது. 2015 மே மாதத்தில், ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, அவரும் டாமி ஹாலும் வால்டனும் லெதர்மனும் ஆஸ்டினில் ஒரே மேடையில் மீண்டும் நின்று பாடினர். இம்முறை கேட்ட கரகோஷம் மெய்யானது. 2019 மே 31-ஆம் நாள், எழுபத்தோராம் வயதில் அவர் காலமானார்.

இவ்விடத்தில் நியாயமான தடை ஒன்று எழும். 'யாவர்மேலும் குற்றம் சாட்டுகின்றீரே. நஞ்சைத் தன் கையால் எடுத்து உண்டவன் அவன்தானே? அவனுக்குப் பொறுப்பில்லையா?' என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஒருவனுடைய வாயை அவனேயன்றிப் பிறர் காக்க இயலாது. இதனைப் படிக்கும் மாணாக்கர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஆனால் பதினெட்டு வயதில் செய்த பிழைக்கும் அடுத்து வந்த முப்பதாண்டுத் துன்பத்திற்கும் இடையே எத்தனை கைகள் தடுத்திருக்கலாம் என்பதே நமது கேள்வி. தடுமாறி விழுந்தது அவர் பிழையாகவே இருக்கட்டும். விழுந்தவரைத் தூக்காது கடந்து சென்றது யார் பிழை? காவலன் கிடைத்த சில ஆண்டுகளிலேயே அவர் எழுந்து நின்றார். இது முப்பதாண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்திருக்கலாம் என்பதை எண்ணுந்தொறும், நாம் தொடக்கத்திற் கூறிய 'விதி' என்னும் சொல் நம் நாவில் எழ மறுக்கின்றது.

ஆதியாகமத்தில் காயீன் தன் சகோதரனைக் குறித்து ஆண்டவருக்கு விடையாகக் கேட்ட எதிர்க்கேள்வியை நாம் அனைவரும் அறிவோம். ஆசான், வியாபாரி, சட்டம் ஆகிய மூவரும் அக்கேள்வியையே வெவ்வேறு மொழியில் கேட்டுவிட்டுத் தம் வழியே சென்றனர். இளைய சகோதரர் ஒருவர் மாத்திரம் அதற்கு 'ஆம்' என்று விடை கூறி, அவ்விடையை நியாயஸ்தலத்துப் பத்திரத்திலும் எழுதுவித்துக்கொண்டார்.

நம் கலாசாலையிலும் திறமை வாய்ந்த இளைஞர் பலர் உளர். ஆண்டு விழாவில் அவர்கள் பாடும்பொழுது நாம் கைதட்டுகின்றோம். அடுத்த பருவத்தில் அவர்களுள் ஒருவன் உணவு மண்டபத்திற்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், வகுப்பில் அவன் இடம் வெறுமையாய் இருந்தால், இரவில் அவன் அறை விளக்கு அணையாது எரிந்தால், அதனைக் கவனிப்பவர் நம்முள் எத்தனைபேர்? பரிகசிப்பாரும் உளர்; வருகைப் பதிவேட்டில் குறியிட்டு அமைபவரும் உளர். அவன் கதவைத் தட்டி, 'தம்பி, சாப்பிட்டாயா?' என்று கேட்பதற்குப் பெரும் புலமை வேண்டா, பதவியும் வேண்டா. வேண்டுமாயின் அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதற்கு ஒரு பிற்பகல் பொழுதே போதும். கைதட்டியவர்களுக்கு இக்கடமையும் உண்டு என்பதே நாம் கூற விரும்பியது.